தொட்டிக்குள் ஒரு குளிர்ந்த ஏரி: ஆக்சலாட்டில் வளர்ப்பின் வரலாறு

மெக்சிகோ நகரம் அமைந்துள்ள பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரமும் ஏறத்தாழ அதுவே. மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஐந்து ஏரிகள் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன. நடுவிலிருந்த டெக்ஸ்கோகோ உப்பு ஏரி. தெற்கிலிருந்த சோச்சிமில்கோவும் சால்கோவும் மலையடிவாரத்து ஊற்றுகளால் நிரம்பிய நன்னீர் ஏரிகள். ஆழம் குறைவு, இழுப்பு இல்லாத தண்ணீர், அடியில் மெத்தென்ற சேறு, கோரையும் நீர்ப்பூண்டும் தந்த நிழல், ஆண்டு முழுவதும் குளிர்ச்சி. ஆக்சலாட்டில் என்னும் சாலமாண்டர் இனம் இந்த இரண்டு ஏரிகளுக்கே உரியது. இயற்கையில் வேறெங்கும் கிடையாது. இன்று அதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஏரிகளின் இயல்பிலிருந்து வந்தவை. அவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வளர்ப்பவர்களுக்கு நூறாண்டு பிடித்தது.

பொதுவாகச் சாலமாண்டர்கள் தவளையைப் போல இரட்டை வாழ்க்கை வாழ்பவை. குஞ்சுப் பருவத்தில் செவுளோடு தண்ணீரில் கிடக்கும்; வளர்ந்தபின் செவுள் சுருங்கி, நுரையீரல் பலப்பட்டு, கரையேறும். ஆக்சலாட்டில் கரையேறுவதில்லை. தலையின் இருபுறமும் மும்மூன்றாக விரிந்த இறகு போன்ற செவுள்கள், வால் நெடுகத் துடுப்பு, இமையில்லாத சிறு கண்கள் என்று குஞ்சுக் கோலத்திலேயே 23 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்து, அப்படியே முட்டையிட்டு இனம் பெருக்குகிறது. வற்றாத ஏரியும், வேட்டையாட வரும் பெரிய மீன்கள் இல்லாத நீரும் கிடைத்த ஓர் உயிருக்குக் கரையேற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெட்டுப்பட்ட காலும் வாலும் மீண்டும் முளைப்பது இதன் இன்னொரு சிறப்பு. ஆய்வகங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

1325-ல் டெக்ஸ்கோகோ ஏரித் தீவொன்றில் டெனோச்சிட்லான் நகரை நிறுவிய அஸ்தெக்குகளுக்கு ஆக்சலாட்டில் ஓர் உணவு. தெற்கு ஏரிகளின் ஆழமற்ற பகுதிகளில் அந்த மக்கள் சேற்றையும் நீர்ச்செடிகளையும் அடுக்கடுக்காகக் கொட்டி, ஓரங்களில் வில்லோ இன மரங்களை நட்டு, நீள்சதுரத் தோட்டத் திட்டுகளை எழுப்பினார்கள். சினாம்பா எனப்படும் இந்தத் திட்டுகளுக்கு இடையே ஓடிய வாய்க்கால்கள் படகுப் பாதையாகவும் பாசன நீராகவும் உதவின. ஆக்சலாட்டிலுக்கு அவை கூடுதல் குடியிருப்பு. மனிதக் கையால் வெட்டிய நீர்நிலையில் அது வாழப் பழகியது கண்ணாடித் தொட்டியில் அல்ல, இந்த வாய்க்கால்களில்தான் என்று சொல்லலாம்.

அஸ்தெக் புராணத்தில் ஷோலோட்டில் என்ற தெய்வம் பலிக்குப் பயந்து ஓடுகிறது. மக்காச்சோளமாக உருமாறி ஒளிகிறது, பிறகு கற்றாழையாகிறது, கடைசியில் தண்ணீருக்குள் புகுந்து ஆக்சலாட்டிலாகிறது. அங்கேதான் பிடிபட்டுக் கொல்லப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற ஸ்பானியத் துறவி, அஸ்தெக்குகளின் மொழியான நாவாட்டில் பேசியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த நூலில் இந்தக் கதை இருக்கிறது. 1570-களில் ஸ்பெயின் மன்னரின் மருத்துவராக மெக்சிகோ சென்ற பிரான்சிஸ்கோ எர்னாண்டஸும் இந்த உயிரியைப் பற்றி எழுதினார். அதன் இறைச்சி விலாங்கின் சுவையுடையது என்பது அவர் கருத்து.

1521-ல் ஸ்பானியர் நகரைக் கைப்பற்றியதிலிருந்து ஏரிகளுக்குக் கேடுகாலம் தொடங்கியது. வெள்ளத்துக்கு அஞ்சிய புதிய ஆட்சியாளர்கள் தண்ணீரை மலைக்கு அப்பால் வெளியேற்ற 1607-ல் வடிகால் வேலையில் இறங்கினார்கள். 1629-ல் வந்த வெள்ளம் நகரை ஐந்தாண்டுகள் வரை நீரில் நிறுத்தியது. வடிகால் வேலை மேலும் தீவிரமானது. 1900-ல் பெருவாய்க்கால் திறக்கப்பட்ட நேரத்தில் சால்கோ ஏரி விளைநிலமாக வற்றவைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சோச்சிமில்கோவின் ஊற்றுநீர் குழாய் வழியே தலைநகரின் குடிநீராயிற்று.

இதற்கிடையே ஆக்சலாட்டில் ஐரோப்பிய விலங்கியலாரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 1798-ல் ஆங்கிலேயரான ஜார்ஜ் ஷா அதற்கு முதல் அறிவியல் பெயரைச் சூட்டினார். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த உடல்களைப் பாரிஸில் ஜார்ஜ் குவியே அறுத்துப் பார்த்தார். இது ஏதோ ஒரு பெரிய சாலமாண்டரின் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய சந்தேகம். கரையேறிய பெரியதை யாருமே பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னதால், பின்னாளில் அதை நிரந்தரச் செவுள் கொண்டவற்றின் வரிசையில் அரைமனதோடு சேர்த்தார். சாராயத்தில் ஊறிய உடலை எத்தனை முறை அறுத்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. உயிரோடு வளர்த்துப் பார்ப்பது ஒன்றே வழி.

அந்த வாய்ப்பைத் தந்தது ஒரு படையெடுப்பு. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை 1863-ல் மெக்சிகோ நகருக்குள் நுழைந்தது. அங்கிருந்து 34 ஆக்சலாட்டில்கள் உயிரோடு கப்பலேறி, பாரிஸ் போலோன் வனத்தில் இருந்த பழக்குவிப்புப் பூங்காவுக்கு வந்தன. வெளிநாட்டு விலங்குகளையும் செடிகளையும் பிரான்ஸின் தட்பவெப்பத்துக்குப் பழக்கி, உணவுக்கோ அழகுக்கோ பயன்படுத்துவதற்காகத் திறக்கப்பட்ட பூங்கா அது. வந்தவற்றில் ஒன்று வெள்ளை நிறம், மற்றவை கருமை. 1864 ஜனவரியில் அவற்றில் ஆறு, ஐந்து ஆணும் ஒரு பெண்ணுமாக, தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளரான ஓகுஸ்த் டுமெரிலிடம் ஒப்படைக்கப்பட்டன.

டுமெரில் ஓராண்டு பொறுமையாகக் காத்திருந்தார். 1865 ஜனவரியில் அந்த ஒரே பெண் முட்டையிட்டது. பொரித்த குஞ்சுகள் அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் தாய் அளவுக்கு வளர்ந்துவிட்டன. அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. சில குஞ்சுகளின் செவுள்கள் சுருங்கின, வால்துடுப்பு மறைந்தது, தோலில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. வட அமெரிக்காவின் தரைவாழ் சாலமாண்டர்களை ஒத்த உருவம் ஒன்று தொட்டிக்குள் நின்றது. அதே நேரத்தில் பெற்றோர் அறுவரும் கொஞ்சமும் மாறாமல் செவுளை விரித்துக் கிடந்தன. குவியேயின் பழைய சந்தேகம் சரியாகிவிட்டது. ஆனால் குஞ்சு எப்படி முட்டையிட்டது என்ற புதிய புதிர் முளைத்தது. செவுளை வெட்டினால் மற்றவையும் மாறுமா என்று டுமெரில் சோதித்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை. 1870 நவம்பரில், ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்த நாட்களில், அவர் இறந்தார்.

அவர் செய்த வேலைகளில் வரலாற்றுக்கு அதிகம் பயன்பட்டது, பெருகிய குஞ்சுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. ஐரோப்பாவின் ஆய்வகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் அவை போய்ச் சேர்ந்தன. பழக்குவிப்புப் பூங்காவிலிருந்தும் பரவின. காலமும் கூடிவந்தது. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் சமநிலையில் வாழவைத்துக் காட்டியிருந்தார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை மீன் கூடத்தைத் திறந்தது. வசதியுள்ள வீடுகளின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைப்பது ஒரு மோகமாகவே பரவியிருந்தது. அந்த வீடுகளின் குளிர்ந்த அறைகள் ஆக்சலாட்டிலுக்கு மிகவும் ஏற்றவை. ஐரோப்பாவில் அது தழைத்ததற்கு வளர்ப்பவர்களின் திறமையைவிட அங்குள்ள குளிரே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்து வளர்ப்பவர்களில் தனித்துக் குறிப்பிட வேண்டியவர் ஃப்ரைபுர்க் நகரத்து மரி ஃபான் ஷாவின். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர். தொட்டி விலங்குகளைப் பேணுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பேராசிரியர்களே நம்பினார்கள். விலங்கியல் பேராசிரியர் ஆகுஸ்ட் வைஸ்மன் தம்மால் முடியாத ஒரு சோதனையை அவரிடம் ஒப்படைத்தார். தண்ணீரை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைத்து, தலையைக் காற்றுக்கு வெளிப்படுத்தி, நன்றாகத் தீனியும் கொடுத்து, ஆக்சலாட்டிலைக் கரையேறவைத்துக் காட்டினார் ஷாவின். 1870-களின் நடுவில் வெளிவந்த அந்த முடிவுகளை வைத்து வைஸ்மன் பரிணாமத்தைப் பற்றி நீண்ட வாதம் எழுப்பினார். அந்த வாதம் இன்று யாருக்கும் நினைவில்லை. தண்ணீரின் அளவையும் தரத்தையும் நாள்தோறும் கவனித்தால்தான் இந்த விலங்கு பிழைக்கும் என்ற ஷாவினின் பாடம் நிலைத்துவிட்டது.

புதிருக்கு விடை தைராய்டு சுரப்பியில் இருந்தது. 1913 வாக்கில் செக் நாட்டவரான விலேம் லாவ்ஃபர்பெர்கர் மாட்டுத் தைராய்டைத் தீனியாகக் கொடுத்து ஆக்சலாட்டிலை உருமாற்றினார். அது தெரியாமலே 1920-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் அதைச் செய்ய, லண்டன் பத்திரிகைகள் பரபரப்பாக்கின. ஆக்சலாட்டிலின் உடல் உருமாற்றத்துக்குப் போதுமான தைராய்டு சுரப்பைத் தானாக வெளிவிடுவதில்லை. வெளியிலிருந்து கொடுத்தால் மாறிவிடும். வீட்டில் வளர்ப்பவர்கள் வேடிக்கைக்காக இதை முயலக்கூடாது. உருமாற்றத்தின்போதே இறப்பவை பல. பிழைத்தவற்றுக்கும் ஆயுள் பெரும்பாலும் குறைந்துவிடும். நீரிலேயே இருப்பது நல்ல பராமரிப்பில் 10 முதல் 15 ஆண்டு வாழும்.

இருபதாம் நூற்றாண்டில் வளர்ப்பு முறை செம்மைப்பட்டது ஆய்வகங்களில். 1931-ல் யோகன்னஸ் ஹோல்ட்ஃப்ரேட்டர் நீர்நில வாழ்விகளின் கருக்களைக் கெடாமல் வளர்க்க ஓர் உப்புக் கரைசலை வகுத்தார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் உப்புகள் சிறிதளவு கலந்த அந்தக் கரைசலை நீர்க்கவைத்துப் பெரிய ஆக்சலாட்டில்களையும் அதில் வளர்ப்பது ஆய்வக வழக்கமாயிற்று. மென்மையான மழைநீரைவிடக் கொஞ்சம் உப்பும் கடினத்தன்மையும் உள்ள நீரே இதற்கு ஒத்துக்கொள்ளும் என்பது உறுதியானது. அமெரிக்காவில் ரூஃபஸ் ஹம்ஃப்ரி 1930-களில் பஃபலோ நகரில் ஒரு வளர்ப்பகம் தொடங்கினார். 1957-ல் அது இண்டியானா பல்கலைக்கழகத்துக்கும், 2005-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கும் இடம் மாறி இன்றும் நடக்கிறது.

கடைத் தொட்டிகளில் காணும் பொன்னிற ஆக்சலாட்டிலும் சிவப்புக் கண் வெள்ளையும் ஹம்ஃப்ரியின் கைவேலை. 1962-ல் அவர் நிறமியற்ற புலிச் சாலமாண்டர் ஒன்றை ஆக்சலாட்டிலோடு கலந்து, அந்த நிறமின்மையை ஆக்சலாட்டில் வம்சத்துக்குள் கொண்டுவந்தார். ஆய்வக ஆக்சலாட்டிலின் மரபுப்பொருளில் சுமார் 6 சதவீதம் புலிச் சாலமாண்டருடையது என்று 2017-ல் வெளிவந்த ஆய்வு கணித்தது. ஆகவே, கடையில் விற்கும் ஆக்சலாட்டில் சோச்சிமில்கோவிலிருந்து பிடித்துவந்தது அல்ல. 1863-ல் கப்பலேறியவற்றின் வழித்தோன்றலும் வேறோர் இனத்தின் கலப்பும் சேர்ந்தது. கருங்கண் வெள்ளை வகை, பாரிஸுக்கு வந்த அந்த ஒற்றை வெள்ளையிலிருந்து தொடர்வதாகக் கருதப்படுகிறது.

இவ்வளவு காலம் சேர்ந்த அனுபவத்தின் சாரத்தில் முதலாவது குளிர்ச்சி. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் நல்லது. 20-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 24-க்கு மேல் நீடித்தால் தீனி மறுத்து, நோய்க்கு இடம்கொடுத்து, நாளடைவில் இறக்கும். வெப்பம் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் நச்சு கூடும். விலங்கின் உடல் வேகமெடுத்துக் கழிவும் பெருகும். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அடிப்பதுதான் கோடைச் சாவுகளின் காரணம்.

அடுத்தது கழிவு. ஆக்சலாட்டில் உருவத்துக்கு மீறிய அளவு கழிவை விடும். அது அம்மோனியாவாகும், ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் கொடிய நஞ்சு. டுமெரில் காலத்தில் இது யாருக்கும் தெரியாது. செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டியதே 1890 வாக்கில்தான். தெளிந்த நீரில் விலங்கு ஏன் திடீரெனச் சாகிறது என்று பழைய வளர்ப்பவர்கள் குழம்பினால் அதில் வியப்பில்லை. இப்போதைய முறை, விலங்கை வாங்குமுன் ஃபில்டரை நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டுப் பாக்டீரியாவைக் குடியேற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு வந்ததைச் சோதித்தபின் விடுவது. ஒரு பெரிய ஆக்சலாட்டிலுக்குக் குறைந்தது 75 லிட்டர் தண்ணீர் வேண்டும். உயரமான தொட்டியைவிட அகலமானது மேல், ஏனென்றால் அது தரையில் நடக்கும் விலங்கு. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வைத்திருந்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரமைன் அப்படிப் போகாது, அதற்கு மருந்து ஊற்றியே ஆக வேண்டும்.

தொட்டியின் தரையில் சல்லிக்கல் போடக்கூடாது. காரணம் அது தின்னும் விதத்தில் இருக்கிறது. இடுக்கியில் ஒரு மண்புழுவை எடுத்து முகத்துக்கு முன் ஆட்டினால், சில நொடி அசையாமல் நிற்கும்; பிறகு வாயைச் சட்டென்று திறக்கும். கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. புழுவோடு வாய்க்கு எதிரில் இருந்த தண்ணீரும், தண்ணீரோடு கிடந்த கல்லும் உள்ளே போகும். ஏரியின் சேற்றில் இதனால் தீங்கில்லை. தொட்டியில் கூழாங்கல் குடலை அடைத்துக் கொன்றுவிடும். நுண்மணல், அல்லது வெறும் தரை, அல்லது அதன் தலையைவிடப் பெரிய கற்கள் மட்டுமே பாதுகாப்பு. தீனியில் மண்புழுவுக்கு இணை இல்லை. குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலை உயிரோடு கொடுப்பார்கள். பெரியவற்றுக்கு மீன்தீவன உருண்டையும் பழகும். மாட்டு ஈரலைக் கீறிக் கொடுப்பது பழைய ஆய்வக வழக்கம். நீரைக் கெடுப்பதால் அது கைவிடப்பட்டுவருகிறது.

இமையில்லாத கண்ணுக்குப் பளிச்சென்ற விளக்கு வேதனை. ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாயோ உடைந்த சட்டியோ போதும். வேகமான ஃபில்டர் ஆகாது. செவுள்கள் முன்பக்கம் வளைந்து, வால்நுனி சுருண்டிருந்தால் நீரோட்டமோ நீரின் தரமோ அதை வருத்துகிறது என்று பொருள். மீன்களோடு சேர்த்து விடுவது தவறு: சிறியதை இது விழுங்கும், பெரியது இதன் செவுளைக் கொறிக்கும். குஞ்சுகள் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். கால் முளைத்துவிடும் என்பதற்காக நெரிசலாக வளர்ப்பது நியாயமாகாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டை வரும். அத்தனைக்கும் வீடு தேட யாராலும் முடியாது.

தொட்டிகளில் இப்படிப் பெருகிய காலத்தில் சொந்த ஊரில் ஆக்சலாட்டில் அழிந்துகொண்டிருந்தது. ஊற்றுநீரை இழந்த சோச்சிமில்கோ வாய்க்கால்களுக்கு நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் திருப்பிவிடப்பட்டது. மக்களுக்குப் புரத உணவு கிடைக்கட்டும் என்று விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் ஆக்சலாட்டிலின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்றிருந்த எண்ணிக்கை 2008-ல் 100 ஆனது, 2014-ல் 36. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சம்பிரானோ குழுவினர் சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து, கெண்டை நுழைய முடியாதபடி வாய்க்கால் வாயில்களை மறித்துப் புகலிடங்கள் அமைத்துவருகிறார்கள். வளர்ப்பகத்தில் பிறந்த 18 ஆக்சலாட்டில்களை வெளியே விட்டுக் கண்காணித்ததில் அவை தாமே இரை தேடிப் பிழைத்தன. மீண்டும் பிடிபட்டவை எடை கூடியிருந்தன என்று 2025-ல் அறிவித்தார்கள். 2021-ல் வெளியான 50 பேசோ நோட்டில் சோச்சிமில்கோவும் ஆக்சலாட்டிலும் இருக்கின்றன. அதே ஆண்டில் மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் அது சேர, உலகெங்கும் சிறுவர்கள் வீட்டில் அடம்பிடிக்கத் தொடங்கினார்கள்.

மெக்சிகோவிலேயே நடக்கும் இன்னொரு வளர்ப்பு அதிகம் பேசப்படாதது. மிச்சோவகான் மாநிலத்து பாட்ஸ்குவாரோ ஏரியில் ஆக்சலாட்டிலின் நெருங்கிய உறவான அச்சோக்கே வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் டுமெரிலின் பெயரால் அமைந்தது. அங்குள்ள டொமினிக்கன் கன்னியர் மடத்தில் தலைமுறைகளாக அதைக்கொண்டு இருமல் மருந்து காய்ச்சி விற்கிறார்கள். ஏரியில் கிடைப்பது அருகியதும் கன்னியர்கள் மடத்துக்குள்ளேயே தொட்டிகளில் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த இனத்தின் மிகப்பெரிய வளர்ப்புத் தொகுதிகளில் ஒன்று இன்று அவர்கள் கையில் இருக்கிறது.

இந்திய வண்ணமீன் சந்தைக்கும் ஆக்சலாட்டில் வந்துவிட்டது. சென்னையிலோ மதுரையிலோ கோடையில் அறைத் தொட்டியின் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். ஐஸ் போடுவதும் மின்விசிறி வைப்பதும் அந்த வெயிலுக்கு ஈடுகொடுக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரமும், மின்சாரம் நின்றால் அதை ஓட்ட மாற்று ஏற்பாடும் இல்லாத வீட்டில் இந்த விலங்கை வளர்க்கக்கூடாது. சட்டமும் ஒன்று உண்டு. ஆக்சலாட்டில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அப்பட்டியல்களில் உள்ள உயிரிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் கட்டாயமாக்கியிருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் அதற்கான ஆவணத்தைக் கேட்டுப் பெற்றபின் பணம் கொடுப்பது நல்லது.